தலையில்லாத படம்

என் தம்பி துஷாந்த் ஜப்பான் வரலாற்றில் கலாநிதிப் பட்டம் வாங்கியவன். அதிலும் சும்மா வரலாறு இல்லை, முந்நூறு வருசத்துக்கு முந்தி ஜப்பான்காரன் வரைந்த நிலப்படங்களின் வரலாறு. இதை எங்கள் கொய்யாமலைத் தேயிலைத் தோட்டத்தில் சொன்னபோது முதலில் வந்த கேள்வி, "அப்ப ஒரு வேன் எறக்கித் தருவாரா?" என்பதுதான். எங்கள் பக்கத்தில் ஜப்பான் என்றால் வேன். லுணுகலை டவுனில் ஓடுகிற வேன்களில் பாதி அங்கே பழசாகி இங்கே புதுசானவை. வேனை விட்டுவிட்டுப் படத்தைப் படிக்கப் போனவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யாருக்கும் விளங்கவில்லை.

அம்மா தனக்குத் தோன்றியபடி விளங்கிக்கொண்டாள். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், "எம்மவன் ஜப்பான்ல நெலம் அளக்கிறான்" என்று சொல்லித் திரிந்தாள். "எத்தன பேர்ச்சஸ் அளந்துட்டாரு?" என்று கேட்டால், "ஜப்பான் முழுசும்" என்பாள். அவள் பெயர் ஜெயலெட்சுமி. நாற்பது வருசம் கொழுந்தெடுத்து, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். அவள் பெருமைக்கு நான் குறுக்கே நின்றதில்லை.

நான் கலாராணி, துஷாந்துக்கு நாலு வயது மூத்தவள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. ஐந்து வயதுக்குக் கீழே முப்பத்தோரு பிள்ளைகள். பால் கரைப்பேன், மூக்குத் துடைப்பேன், அட்டையில் ஒன்று இரண்டு மூன்று எழுதிக் காட்டுவேன். கலாநிதிப் பட்டம் இல்லாமலே நடக்கிற வேலை.

துஷாந்த் ஆறு வருசம் ஜப்பானில் இருந்தான். திரும்பி வந்தவனுக்கு முதுகில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன், எதற்கெடுத்தாலும் குனிந்தான். லுணுகலையில் ஜௌபர் நானாவின் கடையில் பருப்பு வாங்கிவிட்டு, தன் விலாச அட்டையை இரண்டு கையாலும் நீட்டி இடுப்பு வரைக்கும் குனிந்தான். நானா பதறிப்போய், என்ன விழுந்தது என்று மேசைக்குக் கீழே தேடினார். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றி, மூக்கு வெளியே பார்க்கிற மாதிரித் திருப்பி வைப்பான். "எவனாச்சும் மாட்டிக்கிட்டுப் போறதுக்கு வசதியா வைக்கிறான்" என்றாள் அம்மா.

அவன் ஆராய்ச்சி என்னவென்று எனக்குத் தெரியும். பதுளைக் கோயில் திருவிழா மலரில் அதைச் சுருக்கித் தமிழில் எழுதியிருந்தான். தேர் வடம் பிடிக்க வந்த சனத்துக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள், அச்சில் வந்தால் அவனுக்குப் புள்ளி. விசயம் இதுதான். ஜப்பானில் இரண்டு மலைக் கிராமங்கள் ஒரு புல்மலைக்காக அடித்துக்கொள்கின்றன. ஒரு கிராமத்துக் கணக்கன் படம் வரைகிறான். அதை வைத்து அவன் ஊருக்கே மலை என்று தீர்ப்பாகிறது. கொஞ்ச நாளில் அவனுக்கே தன் பிழை தெரிய வருகிறது. ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் மிரட்டவில்லை. படத்தின் முதுகில் மூன்று வரி எழுதிக் கையெழுத்து வைக்கிறான்: "எல்லையைப் பிழையாக வரைந்தேன். புல்மலை பக்கத்து ஊருக்குச் சொந்தம். குற்றம் என்னுடையது." இந்த மூன்று வரியின் மேன்மையைப் பற்றி என் தம்பி முந்நூற்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறான்.

சும்மா சொல்லக் கூடாது, படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அவன் இப்போது கொழும்புப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். பேராசிரியர் ஆக வேண்டும். அதற்குப் புள்ளி சேர்க்க வேண்டுமாம். கட்டுரைக்கு இத்தனை, மாநாட்டுக்கு இத்தனை என்று எல்லாப் பெட்டியும் நிறைந்துவிட்டது. 'சமூகத்துக்கு ஆற்றிய பணி' என்கிற பெட்டி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பெட்டியை நிரப்பத்தான் அவனுக்குப் பிறந்த தோட்டத்தின் ஞாபகம் வந்தது.

போன வருசக் கடைசி மழையில் எங்கள் மலையில் வெடிப்பு விட்டது. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு, மலையில் வெடிப்பு என்று காதில் விழுந்தாலே எங்கள் ஊவாப் பக்கத்தில் எந்த லயத்திலும் அடுப்பு ஒழுங்காக எரியாது. வெடிப்புக்கு நேர் கீழே ஒன்பதாம் லயம். எட்டுக் காம்பரா, எட்டுக் குடும்பம். மூன்றாவது காம்பராவில் அம்மாவும் நானும் என் மகளும். மண் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து பார்த்து, ஆபத்தான லயத்து ஆட்களை அடுத்த கார்த்திகை மழைக்கு முந்தி வேறிடத்துக்கு எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதலில் பழைய தேயிலை ஸ்டோரில் இருக்க வேண்டும், பிறகு ரோட்டோரத்தில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும். வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் கறையான் தின்றது போக மிச்சமில்லை. புதுப் படம் வேண்டும் என்றார்கள். "நான் வரைந்து தருகிறேன், ஒரு சதமும் வேண்டாம்" என்று குனிந்தான் துஷாந்த்.

ஒரு கிழமை தோட்டத்தில் நின்று வரைந்தான். அதை எடுத்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு வந்து நடுத் தரையில் விரித்தான். பாய் அளவுக்குப் பெரிய படம். நான் வழக்கம்போல வாயைத் திறக்கத்தான் போனேன், ஆனால் குறை சொல்ல வார்த்தை வரவில்லை. அவ்வளவு அழகு. பீலித் தண்ணீர் விழுகிற இடம், மாரியம்மன் கோயில், பலா மரம், பத்து லயம், எல்லாம் இருந்தன. அதைவிட அதிசயம், எழுத்து நாலு பக்கமும் பார்த்து இருந்தது. மலைப் பக்கம் இருக்கிற லயத்தின் நம்பரை மலைப் பக்கம் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், ரோட்டுப் பக்கத்தை ரோட்டுப் பக்கம் உட்கார்ந்து.

"இது ஜப்பான் மொறை" என்றான். "பெரிய படத்தத் தரையில விரிச்சு, எல்லாரும் சுத்தி உக்காந்து பாப்பாங்க. அவங்கவங்க எடத்த அவங்கவங்க பக்கத்துல இருந்து வாசிப்பாங்க. இதுக்கு மேல கீழ கெடையாது. தலையில்லாத படம்."

பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா மலைப் பக்கம் போய்க் குந்தி, ஒன்பதாம் லயத்தில் எங்கள் காம்பராவை விரலால் தொட்டாள். "அடி ஆத்தாடி, நம்ம அடுப்படி கூட இருக்கே" என்றாள். அந்த ஒரு நிமிசம் என் தம்பியை நினைத்து எனக்கும் நெஞ்சு நிறைந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பிறகுதான் என் வேலைப் புத்தி எட்டிப் பார்த்தது.

"தம்பி, ஆறுக்கும் ஒம்பதுக்கும் அடியில ஒரு கோடு போட்டுரு. இங்க புள்ளைங்க அட்டைய தலகீழாப் புடிச்சுக்கிட்டு ஒம்பத ஆறுன்னும் ஆற ஒம்பதுன்னும் வாசிக்கும். அதுக்காகவே நான் கோடு போட்டுத்தான் வச்சிருக்கேன்."

துஷாந்த் சிரித்தான். படித்தவன் படிக்காதவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "அக்கா, இத வாசிக்கப் போறது ஒங்க பிள்ளைக் காம்பராப் புள்ளைங்க இல்ல. கோடு போட்டா அந்தக் காலத்து அழகே கெட்டுரும்."

நான் பேசாமல் இருந்தேன். பேசியிருக்க வேண்டும்.

ஆராய்ச்சிக்காரர்கள் ஒன்பதாம் லயத்துக்குப் படத்தில் சிவப்புப் பூசினார்கள். அறிக்கையில் லயத்து நம்பரைக்கூட எழுதவில்லை, 'இணைத்துள்ள படத்தில் சிவப்பிட்ட லயம்' என்று ஒரு வரி. படம் வீட்டுத் திட்டக் கந்தோருக்குப் போனது. இவ்வளவு அழகான படத்தைத் தரையில் போட அவர்களுக்கு மனம் வருமா? கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். ரோட்டுப் பக்கம் கீழே, மலைப் பக்கம் மேலே. ரோட்டோரத்து ஆறாம் லயம் நேராக ஆறாய் நின்றது. மலைப் பக்கத்து ஒன்பதாம் லயம் தலைகீழாகி அதுவும் ஆறாய் நின்றது. படத்தில் இரண்டு ஆறு, ஒன்பது இல்லவே இல்லை. எட்டுக்குப் பிறகு பத்து வந்தது அங்கே ஒருவர் கண்ணையும் உறுத்தவில்லை. தலைகீழாய் நின்ற ஏழையும் பத்தையும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்த அதே மனிதர்கள், ஒன்பதுக்கு மட்டும் கழுத்தை நேராக்கிக்கொண்டார்கள். நேராகவே ஆறு என்று தெரிகிறபோது கழுத்தை ஏன் நோகடிப்பான்?

ஆவணி மாதம் அந்தக் கந்தோரிலிருந்து ஜெஸீம் என்று ஒரு ஆபீசர் கடிதத்தோடு வந்தார். "ஆறாம் லயத்தில் வசிக்கும் எட்டுக் குடும்பங்கள்" என்று அதில் அச்சடித்திருந்தது. ஆறாம் லயம் ரோட்டோரத்தில் கல்லுப் பாறைமேல் நிற்கிறது. பூமியே புரண்டாலும் அது அசையாது. வீடு கிடைக்கப் போகிற சந்தோசத்தில் அங்கே வெடி கொளுத்தினார்கள். தோட்டத் தலைவர் ரெங்கசாமி அண்ணனும் அந்த லயம்தான். "கவர்மெண்டு எழுதுனா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

நான் ஜெஸீமை மறித்தேன். வெடிப்பு மேலே இருக்கிறது, வீடு கீழே கொடுக்கிறீர்கள், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன்.

"டீச்சர், நான் மண்ணுப் படிச்ச ஆள் இல்ல. கடிதத்துல ஆறு இருக்கு. நான் ஆறுன்னு தகரம் அடிச்ச லயத்துக்குப் போய் அங்க இருக்கிறவங்க பேர எழுதணும், அவ்வளவுதான்" என்றார். மனிதர் கெட்டவர் இல்லை. "படம் பிழைன்னா, வரைஞ்சவர் ஒரு கடிதம் தரட்டும். மூணு வரி போதும். இன்னும் மூணு கிழமையில பேரெழுத வருவேன். அதுக்குள்ள தந்தா நானே மாத்திருவேன்."

மூன்று வரி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்தில் மூன்று வரியைப் பற்றி முந்நூற்று நாற்பது பக்கம் எழுதியவன் ஒருவன் இருக்கிறான் என்றால் அது என் தம்பிதானே. கூப்பிட்டேன்.

முழுவதும் கேட்டான்.

"அக்கா, அது பிழை இல்ல. வாசிப்பு வேறுபாடு."

"என்னது?"

"படம் சரியாத்தான் இருக்கு. அவங்க சுவத்துல மாட்டினதுதான் தப்பு. நான் ஜப்பான் எழுத்துல எழுதியிருந்தா ஆறும் ஒம்பதும் எப்படித் திருப்பினாலும் கொழம்பாது தெரியுமா?"

"நம்ம தோட்டத்துல எத்தன பேருக்குடா ஜப்பான் எழுத்துத் தெரியும்?"

பிறகு மெல்ல விசயத்தைக் கக்கினான். பேராசிரியர் நேர்முகத் தேர்வு அடுத்த மாதக் கடைசியில். சமூகப் பணிப் பெட்டியில் இந்தப் படம் ஒன்றுதான் இருக்கிறது. இதைப் பற்றி எழுதிய கட்டுரை ஜப்பானில் அச்சுக்குப் போய்விட்டது. 'மலையகத்தில் தலையில்லாத படத்தின் வெற்றி' என்று தலைப்பாம். இந்த நேரத்தில் படம் பிழை என்று தன் கையால் எழுதிக் கொடுத்தால் எல்லாம் பாழ்.

"இன்டர்வியூ முடியட்டும் அக்கா. பொறுமையா இருங்க. தானாச் சரியாகும்."

"மழைக்கு ஒன் இன்டர்வியூத் தேதி தெரியுமாடா? அந்த ஜப்பான்காரன் மூணே வரி எழுதிட்டு எந்திரிச்சுப் போனான். நீ அவனப் பத்தி முன்னூத்தி நாப்பது பக்கம் எழுதின. ஒனக்கு ஒரு வரி வரலையா?"

"அக்கா, அது பதினெட்டாம் நூற்றாண்டு" என்றான்.

போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"எழுதிக் குடுத்தா அவனுக்கு வேல போயிருமா?"

"வேல போகாது. பேராசிரியர் பட்டம் தள்ளிப் போகும்."

"அப்ப எழுத வேணாம்னு சொல்லு. மல எத்தன வருசமா நிக்கிது. இன்னொரு மழைக்கு நிக்காதா?"

அம்மாவை இரண்டு அறை அறையலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது. இவன் வாசலைப் பார்த்துச் செருப்பு வைக்கப் படித்த ஆறு வருசமும் இவள் மலை ஏறிக் கூடை சுமந்தாள். இப்போது அந்த மலையையும் தலையில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். நானும் என் மகளும் அந்தக் காம்பராவில்தான் படுக்கிறோம் என்பதுகூட அவளுக்கு அந்த நேரம் ஞாபகமில்லை. பிறகு நான் பத்துத் தரம் கூப்பிட்டேன். இரண்டு தரம் எடுத்தான். விளக்கக் குறிப்பு ஒன்று தயார் பண்ணுகிறேன், ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம் வரும் என்றான். அந்த எட்டுப் பக்கமும் வரவில்லை.

ஜெஸீம் வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள் பகல், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்த நேரம், விஜயலெட்சுமியக்கா பிள்ளைக் காம்பரா வாசலில் வந்து நின்றாள். ரெங்கசாமித் தலைவரின் மனைவி. ஆறாம் லயம், முதல் காம்பரா. கொழுந்துக் கூடை முதுகில், வலது கை தோள் வரைக்கும் மண்.

"கலா, மேல வெடிப்புக்குள்ள கைய விட்டுப் பாத்தேன். போன கெழம முழங்கை வரைக்கும் போச்சு. இன்னிக்குத் தோள் வரைக்கும் போகுது."

நான் வாசலுக்கு வெளியே எட்டி மலையைப் பார்த்தேன். அவள் என்னைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தம்பி கடிதம் குடுத்துச்சா?"

"இல்லக்கா. வாசிப்பு வேறுபாடாம்."

"அது என்ன எழவோ" என்றாள். கூடையை இறக்கி வைத்தாள். "அந்தப் படத்த நம்மளால திருத்த ஏலாது. தகரத்தத் திருப்பலாம்ல?"

எங்களுக்கு விலாசம் கிடையாது. அடையாள அட்டையில் தோட்டத்துப் பெயர் மட்டும்தான் இருக்கும், கடிதம் வந்தால் தோட்டக் கந்தோரில் கிடக்கும். லயத்துக்கு நம்பர் என்று இருப்பதெல்லாம் முன்பு டெங்கு மருந்தடிக்க வந்தவர்கள் சுவரில் அடித்துவிட்டுப் போன நீலத் தகரம் ஒன்றுதான். வெள்ளைப் பெயின்ட், நடுவில் ஒரே ஆணி. அடியில் கோடு கிடையாது.

"அக்கா, திருப்பினா ஒங்க வீடு போயிரும்."

"தெரியும்டி. எனக்கு மட்டும் வீடு கசக்குமா? மகளுக்கு ரெண்டு காம்பராவாச்சும் கெடைக்கும்னு மூணு கெழமையாக் கனாக் கண்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." அவள் கண்ணைத் துடைத்ததில் கண்ணோரம் மண் அப்பிக்கொண்டது. "வா பீலிக்கு."

பீலியில் ஆறாம் லயத்துப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு நின்றார்கள். அவள் சொன்னதும் பெரும் சத்தம். ஒருத்தி, "ஒங்களுக்கென்ன, தலைவர் பொஞ்சாதி, அடுத்த லிஸ்ட்ல மொத பேரு ஒங்களுது வரும்" என்று கத்தினாள். அவள் கோபத்தில் தப்பில்லை. பிறந்ததிலிருந்து பத்தடிக் காம்பராவில் கிடந்தவளுக்கு வந்த வீடு அது.

"வராது" என்றாள் விஜயலெட்சுமியக்கா. "நம்மளுக்கு ரெண்டாம் லிஸ்ட் எங்கடி வந்திருக்கு? வராதுன்னு தெரிஞ்சுதான் கேக்குறேன். இவுங்க எட்டுக் குடும்பத்து மேலயும் மண்ணு விழுந்த பொறகு அந்த வீட்டுல எனக்குச் சோறு எறங்காது. ஒங்களுக்கு எறங்கும்னா இப்பவே சொல்லுங்க, நான் திருப்பல."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை. கத்தினவள்தான் கடைசியில், "எங்க வீட்டுல சுத்தியல் இருக்கு" என்றாள்.

இரண்டு ஆணி, இரண்டு தகரம், கால் மணி நேர வேலை. ரெங்கசாமி அண்ணன் சாயந்தரம் வந்து தன் லயம் ஒன்பதாகி நிற்பதைப் பார்த்துக் குதித்தாராம். அக்கா உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. வெளியே வந்தவர் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, தகரத்தைப் பார்க்காமல் போனார்.

மறுநாள் ஜெஸீம் வந்தார். ஆறாம் லயம் எது என்று கேட்டார். மலையைக் காட்டினோம். "அவ்வளவு மேலயா?" என்று முகத்தைச் சுளித்தார். முந்தின நாள் வரைக்கும் ரோட்டோரத்தில் இருந்த லயம் எப்படி மலையேறியது என்று அவருக்கு ஒரு யோசனை வந்திருக்க வேண்டும், ஆனால் ஏறினார். வழி முழுவதும் அட்டை கடித்தது. தகரத்தைப் பார்த்தார், ஆறு. பின்னால் மலையைப் பார்த்தார், வெடிப்பு வாயைத் திறந்துகொண்டிருந்தது. பிறகு மறுபடி தகரத்தைப் பார்த்தார்.

"டீச்சர், ஆணி மட்டும் புதுசா மின்னுது."

"தகரம் ஆடிச்சு சேர். இறுக்கி அடிச்சோம்."

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். குனிந்து காலில் தொங்கின அட்டையைப் பிடுங்கி எறிந்தார். "நல்லா அடிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, பேனையைத் திறந்து முதல் காம்பராவிலிருந்து பேரெழுதத் தொடங்கினார்.

புரட்டாசியில் நாங்கள் ஸ்டோருக்குப் போனோம். கார்த்திகை பதினொன்று, காலைக் கொழுந்து நிறுக்கிற நேரம், மலை இறங்கியது. தராசில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தோம். பெரிய சத்தம்கூட இல்லை. பலா மரம் நின்றபடியே நடந்து வந்தது. அடுத்த நிமிசம் லயம் இருந்த இடத்தில் சேறு. எங்கள் அடுப்படி, அம்மாவின் அம்மி, என் மகள் சுவரில் உயரம் பார்த்துக் கிழித்த கோடுகள், நீலத் தகரம், எல்லாம் உள்ளே போய்விட்டன. ஒரு ஆடுகூடச் சாகவில்லை. அம்மா பக்கத்தில் நின்ற விஜயலெட்சுமியக்காவின் கையைப் பிடித்தவள், மத்தியானம் வரைக்கும் விடவில்லை.

பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டார்கள்: 'புதைந்தது ஆறாம் லயம். முன்கூட்டியே சொன்னது கலாநிதியின் படம்.' பக்கத்தில் துஷாந்தின் போட்டோ. அன்றைக்குப் பொழுது சாயுமுன் எனக்கு அவனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. "பார்த்தீங்களா அக்கா. பொறுமையா இருந்தா தானாச் சரியாகும்னு சொன்னேன்ல." கடைசியில் குனிந்து கும்பிடுகிற பொம்மை வேறு. நான் போனை மாவுப் பானைக்குள் போட்டு மூடினேன்.

தை மாதம் பேராசிரியர் ஆனான். பதுளையில் மண்டபம் பிடித்துப் பாராட்டு விழா வைத்தார்கள். நாதஸ்வரம், பொன்னாடை, பூரணகும்பம், ஒன்றும் குறையவில்லை. அம்மா முன்வரிசையில் புதுச் சேலையில் இருந்தாள். அவள் பக்கத்தில் விஜயலெட்சுமியக்காவை நான்தான் பிடிவாதமாகக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். பேசினவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுப் பாடினார்கள். ஜப்பான் அறிவு மலையகத்தைக் காத்தது, ஒரு படம் எட்டுக் குடும்பத்துக்கு உயிர் கொடுத்தது. அந்த எட்டுக் குடும்பத்தில் ஒருத்தி நான். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது.

"அடுத்ததாக, தோட்ட மக்கள் சார்பில் பேராசிரியரின் அக்கா நினைவுப் பரிசு வழங்குவார்" என்றார்கள். பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலத்தோடு மேடை ஏறினேன். துஷாந்த் இரண்டு கையையும் நீட்டிக் குனிந்து வாங்கினான். தாளைப் பிரித்தான். உள்ளே நீலத் தகரம், வெள்ளை எழுத்து, ஆணி ஓட்டையைச் சுற்றித் துரு.

நிமிர்ந்தான். நான் அவன் காதோரம் மூன்று வரி சொன்னேன்.

"இது விஜயக்கா லயத்துத் தகரம். ஒன் படம் தானாச் சரியாகல, இதத் திருப்பித்தான் சரியாக்கினோம். எங்களுக்குக் கெடைச்ச வீடு அவங்களுது."

மைக் பக்கத்தில் இருந்தது. யாருக்காவது கேட்டிருந்தாலும் எனக்குப் பயமில்லை. மண்ணுக்குள் போன லயத்துக்குக் கொடுத்த வீட்டை எந்தக் கந்தோர் திருப்பிக் கேட்கும்? என் தம்பி முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது, அதை இறக்கி வைக்க அவனுக்கு இடம் தெரியவில்லை.

போட்டோக்காரன் முன்னால் வந்து குந்தினான். "சேர், தகரத்தை நேராப் புடிங்க" என்றான்.

பேராசிரியர் தகரத்தைப் பார்த்தான். ஒன்பதாகப் பிடித்தான். பிறகு திருப்பி ஆறாகப் பிடித்தான். மறுபடியும் திருப்பினான். மண்டபம் கைதட்டக் காத்திருந்தது. போட்டோக்காரன், "சேர், நேரா" என்று மறுபடியும் சொன்னான்.

முன்வரிசையிலிருந்து விஜயலெட்சுமியக்காதான் குரல் கொடுத்தாள். கோபமில்லை, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"எப்புடிப் புடிச்சாலும் அது எங்க வீடுதான், தம்பி."